பாட்டனாரின் தோழர்

மஃரிப் தொழுகைக்குப் பின் எங்கள் மக்தபில் வயதில் மூத்த பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு ஹதீஸைச் சொல்லி விளக்குவது வழக்கம். சோமனூரில் பாடம் நடத்துவதென்றால் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசக் கற்றிருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குழந்தைகள் தறிச் சத்தத்தில் உறங்கிப் பழகியவர்கள். சத்தம் நின்றால்தான் விழித்துக் கொள்வார்கள்.

சென்ற மாதம் ஒரு நாள் முஸ்லிம் ஷரீபில் வரும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிக் கொண்டிருந்தேன். உமர் (ரலி) அவர்களின் அருமை மைந்தர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் நாட்டுப்புற அரபி ஒருவரைச் சந்தித்தார்கள். அவருக்கு ஸலாம் உரைத்து, ஒட்டகத்தில் அமர்ந்து களைக்கும் பொழுது தாம் ஏறிச் செல்வதற்கென வைத்திருந்த கழுதையை அவருக்கு அளித்தார்கள். தம் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் கழற்றிக் கொடுத்தார்கள். உடன் வந்தவர்களுக்கு வியப்பு. நாட்டுப்புறத்தார் சிறிது கொடுத்தாலே மகிழ்ந்து விடுவார்களே, இவ்வளவும் எதற்கு என்றார்கள். இவருடைய தந்தை என் தந்தை உமரின் நேசர் என்று விடை வந்தது. தந்தையின் நேசர்களோடு உறவு பாராட்டுவது நன்மைகளில் தலையாய நன்மை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டிருப்பதாகவும் அவர்கள் சொன்னார்கள்.

பாடம் முடிந்தது என்று கிதாபை மூடினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பதினோரு வயது இருக்கும். வேறெதையும் எண்ணிக் கேட்டவனல்லன்.

"ஹஜ்ரத், உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு அப்படி யாராச்சும் தோழர் இருந்தாங்களா?"

"எங்கள் நன்னாவுக்கு இருந்தார்" என்றேன்.

"அவரு பிள்ளைகளுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

நேரமாகி விட்டது, நாளை பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தேன். அந்த வினாவுக்கான விடையைத்தான் இம்மாதம் இந்தப் பகுதியில் எழுத வேண்டியிருக்கிறது. வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இதில் என் புகழ் ஒன்றும் இல்லை.

எங்கள் நன்னா, அதாவது தாயாரின் தந்தை, 2006 ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். தம் பிறந்த ஆண்டு அவர்களுக்குத் தெரியாது. தொண்ணூற்றை நெருங்கியிருப்பார்கள் என்பது வீட்டார் கணக்கு. தந்தையை இழந்த சிறுவனாகப் பல்லடம் பக்கமிருந்து சோமனூருக்கு வந்தவர்கள். கைத்தறிகள் ஓடிய அக்காலத்தில் தெருவில் பாவை நீளமாக விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவார்கள். விடியுமுன்னே தொடங்கி வெயில் ஏறுமுன்னே முடிக்க வேண்டிய வேலை அது. ஒரு முனையை இவர்கள் பிடித்திருக்க, மறுமுனையைத் தம் வயதொத்த ஒரு செங்குந்தர் வீட்டுச் சிறுவன் பிடித்திருந்தான். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்து முதலியார். அவர் இவர்களை "ராவுத்தரே" என்பார். இவர்கள் அவரை "முதலியாரே" என்பார்கள். எழுபது ஆண்டுகளில் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை. நானும் இங்கே பெயர்களை எழுதப் போவதில்லை.

கைத்தறி போய் விசைத்தறி வந்தது. சோமனூர், பல்லடம், அவிநாசி, கருமத்தம்பட்டி என்று இந்த வட்டாரம் முழுவதும் வீட்டுக்கு வீடு தறிக்கூடம் எழுந்தது. இன்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் 2 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலையும் ஊடை நூலையும் கொடுப்பார். தறிக்காரர் கூலிக்குக் காடாத் துணி நெய்து கொடுப்பார். தறியில் ஒரு பாவு தீர்ந்து விட்டால் அதன் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தால்தான் நெசவு தொடரும். அந்தப் பாவு பிணைக்கும் வேலையே நன்னாவுக்கும் முதலியாருக்கும் வாய்த்தது.

வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் விரல்களுக்கிடையில் வைத்து, வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டு, ஒரு முறுக்கில் ஒன்றாக்க வேண்டும். ஓர் இழை தவறினால் துணி நெடுகக் கோடு விழும். தனியொருவர் செய்தால் பொழுது போய்விடும். இருவர் ஆளுக்கொரு பாதியாகப் பிடித்தால் விரைவில் முடியும். ஆகவே தறிக்கூடங்களிலிருந்து ஆள் வந்து அழைக்கும் பொழுது ஒருவரை மட்டும் அழைக்கும் வழக்கமே இல்லை. "ராவுத்தரும் முதலியாரும் வரோணும்" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். கிடைக்கும் கூலியைச் சரிபாதியாகப் பிரித்துக் கொள்வார்கள். சில்லறை மிஞ்சினால் யாரிடமாவது இருக்கும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

தாவூத் (அலை) அவர்கள் தம் கரங்களின் உழைப்பைக் கொண்டே உண்டு வந்தார்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னது புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. நன்னாவுக்கு அரபி எழுத்து வாசிக்கத் தெரியுமே தவிரக் கிதாபுகள் தெரியா. ஆனால் வேலைக்கும் வணக்கத்துக்கும் இடையே அவர்கள் கோடு எதுவும் கிழித்ததில்லை. பஜ்ருக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து விடுவார்கள். தொழுகை நேரம் வந்தால் பாவின் நடுவில் அடையாள நூல் ஒன்றைக் கட்டிவிட்டு எழுவார்கள். முதலியார் வீட்டின் பின்புறத்துத் தறிக்கூடத்தில் அவர்களுக்கென்றே ஒரு கோரைப் பாய் சுருட்டி வைத்திருக்கும். அவர்கள் தொழுது முடிக்கும் வரை முதலியார் தம் பக்கத்து இழைகளையும் பிணைக்க மாட்டார். வெற்றிலை மடித்துக் கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஏன் என்று ஒரு முறை சிறுபிள்ளையாக நான் கேட்டதற்கு, "நான் முந்திப் போனா ராவுத்தர் அவசரமாத் தொழுவாரு" என்றார். தொழுகையில் நிதானம் வேண்டும் என்பதை நான் எத்தனையோ உஸ்தாதுகளிடம் ஓதியிருக்கிறேன். இந்த விளக்கம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

இருவருக்கும் இடையில் எந்நேரமும் ஒரு சிறு கடன் நிலுவையில் இருக்கும். இன்று இவர்கள் கொடுக்க வேண்டும், நாளை அவர் கொடுக்க வேண்டும். என் தாயார் கணக்கைத் தீர்த்து விடுங்களேன் என்றால் நன்னா சிரிப்பார்கள். தீர்த்துவிட்டால் நாளைக்கு என்னத்தைச் சொல்லிக் கொண்டு அவர் வீட்டுக்குப் போவது என்பார்கள்.

2002 ஆம் ஆண்டு ஆவுல் பக்கீர் ஜெயினுலாப்தீன் அப்துல் கலாம் அவர்கள் நாட்டின் குடியரசுத் தலைவரானார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த அவர்களின் வாழ்க்கை நூலைத் தமிழில் 'அக்கினிச் சிறகுகள்' என்ற பெயரில் அப்பொழுது வாங்காத வீடு இல்லை. நானும் ஒரு பிரதி வாங்கினேன். அதற்குள் நான் ஆலிம் பட்டம் பெற்று, அஞ்சல் வழியில் வரலாறு பயின்று பி.ஏ.வும் முடித்திருந்தேன். நன்னாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. இரவுகளில் அந்நூலை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ராக்கெட், செயற்கைக்கோள் பற்றிய பக்கங்களில் அவர்கள் உறங்கி விட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் முதல் அத்தியாயத்துக்குப் பின் அந்த அளவுக்கு மனம் ஒட்டவில்லை. ஆனால் கலாம் அவர்களின் தந்தை ஜெயினுலாப்தீன் அவர்களைப் பற்றிய பக்கங்களை நன்னா மூன்று இரவுகள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள்.

அந்தப் பெரியார் இராமேசுவரத்துப் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்தவர்கள். பெரிய படிப்போ பெருஞ்செல்வமோ இல்லாதவர்கள். ஆயினும் அந்த வீட்டில் குடும்பத்தாரைக் காட்டிலும் வெளியார் மிகுதியாக உணவருந்தினார்கள் என்கிறார் மகனார். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து தொழுவார்கள். அதன் பின் நான்கு மைல் தொலைவிலிருந்த தம் தென்னந்தோப்புக்கு நடப்பார்கள். ஒரு பன்னிரண்டு தேங்காய்களைக் கட்டித் தோளில் போட்டுக் கொண்டு திரும்புவார்கள். அதற்குப் பிறகே காலை உணவு. அறுபதுகளின் பிற்பகுதியிலும் இது தவறவில்லை. இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டியவர்களும் அவர்களே. புயல் வந்து படகைக் கொண்டு போனது. நோயாளிகளுக்காகத் தண்ணீர் ஓதி வாங்கிச் செல்ல எல்லாச் சமயத்தாரும் பள்ளிவாசலுக்கு வெளியே கிண்ணத்தோடு நின்றார்கள். ஊராட்சித் தலைவராக இருந்த பொழுது யாரோ வீட்டில் வைத்துவிட்டுப் போன அன்பளிப்புத் தட்டை வாங்கி வைத்ததற்காகச் சிறுவன் கலாம் அடிபட்ட செய்தியையும் கலாம் அவர்கள் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு உற்ற தோழர் இராமேசுவரம் கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி இலட்சுமண சாஸ்திரிகள். தத்தம் மரபுக்குரிய உடையில் இருவரும் அமர்ந்து ஆன்மிகம் பேசிக் கொண்டிருந்த காட்சி தம் இளமை நினைவுகளில் மிகத் தெளிவானவற்றுள் ஒன்று என்று கலாம் அவர்கள் எழுதுகிறார்கள். இவர் தம் தொழுகையை அவருக்காகச் சுருக்கவில்லை. அவர் தம் பூசையை இவருக்காக விடவில்லை. சில மேடைப் பேச்சாளர்கள் இந்த நட்பைச் சொல்லும் பொழுது இருவரும் தத்தம் மார்க்கத்தில் ஏதோ சலுகை காட்டியதைப் போலச் சொல்கிறார்கள். அது பொருந்தாது. தன் இடத்தில் உறுதியாக நின்றவருக்கே அடுத்தவர் பக்கத்தில் அச்சமில்லாமல் உட்கார முடிந்தது என்றே நான் விளங்கிக் கொள்கிறேன்.

நன்னா அதிகமாக நின்று கேட்ட இடம் வேறு. கலாம் ஐந்தாம் வகுப்பில் படித்த பொழுது புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். தொப்பியணிந்த முஸ்லிம் சிறுவன், பூணூல் அணிந்த குருக்கள் மகன் இராமநாத சாஸ்திரியின் அருகே முதல் வரிசையில் அமர்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். குருக்கள் மகன் அழுதுவிட்டான். இரு சிறுவர்களும் வீட்டில் போய் நடந்ததைச் சொன்னார்கள். சாஸ்திரிகள் ஆசிரியரை வரவழைத்து, குழந்தைகளின் உள்ளத்தில் நஞ்சை விதைக்கக் கூடாது என்று கண்டித்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். ஆசிரியர் வருந்தித் திருந்தினார்.

இதை வாசித்து நிறுத்தினேன். நன்னா மங்கிய கண்களை என் பக்கம் திருப்பி, "பசங்க ரெண்டு பேரும் வீட்ல போய்ச் சொல்லிருக்காங்க பாத்தியா" என்றார்கள்.

நான் ஒன்றும் பேசவில்லை. சற்றுக் கழித்து, "நீ சொல்லலியே" என்றார்கள்.

அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

முதலியாருக்கு ஒரு பேரன். என் வயது. ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தோம். பாவு பிணைக்குமிடத்தில் இருவரும் சாம்பல் கிண்ணத்தை ஏந்திக் கொண்டு நின்றவர்கள். கருமத்தம்பட்டி மாதா கோயில் தேர் பார்க்க ஒரே சைக்கிளில் போனவர்கள். நான் அரபுக் கல்லூரிக்கு ஓதப் போன பிறகும் விடுமுறைக்கு வந்தால் முதலில் அவன் வீட்டுக்குத்தான் போவேன்.

1997 நவம்பர் 29 ஆம் நாள் கோவை உக்கடத்தில் காவலர் ஒருவர் படுகொலை செய்யப்பட்டார். தொடர்ந்த நாட்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14 ஆம் நாள் நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் பறிபோயின. அவற்றை வைத்தவர்கள் செய்தது எந்த மார்க்கத்தாலும் நியாயப்படுத்த இயலாத பாதகம். முதலில் மாண்டவர்களும் பின்னர் மாண்டவர்களும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைகளே. கோவைக்கும் சோமனூருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. கோவை, திருப்பூர் வாசகர்களுக்கு அந்த மாதங்களை நான் விவரிக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் இவ்வளவு அறிந்தால் போதும். பல காலம் பழகிய கடைகளில் பலர் சாமான் வாங்குவதை நிறுத்திக் கொண்டார்கள்.

நோன்புப் பெருநாள் விடுமுறை முடியும் தறுவாயில் நான் வீட்டிலிருந்தேன். குண்டுவெடிப்பு நடந்த அன்றிரவு முதலியார் வந்தார். எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் துண்டை விரித்து உட்கார்ந்து கொண்டார். நன்னா கதவைத் திறந்து வைத்து உள்பக்கம் உட்கார்ந்தார்கள். மூன்று இரவுகள் இப்படிக் கழிந்தன. எங்கள் வீட்டுக்கு யாரும் தீங்கு செய்ய வரவில்லை. வந்திருந்தால் எழுபத்தைந்தைத் தாண்டிய ஒரு கிழவர் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தத் தெருவில் போனவர்கள் எல்லாரும் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

அந்த மூன்று இரவுகளும் பேரன் தூக்குப்போசியில் தாத்தாவுக்குச் சோறு கொண்டு வந்தான். வாசலில் நின்று என் பெயர் சொல்லி அழைத்தான். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். கேட்டது. எழுந்து போகவில்லை. நவம்பரில் மாண்ட ஓர் உறவினர் வீட்டுப் பிள்ளையின் முகம் என் கண்முன் நின்றது. அவனை அழைத்துப் பேசுவது அந்த மையத்துக்குச் செய்யும் துரோகம் என்று பதினெட்டு வயதில் எனக்குத் தோன்றியது. மூன்றாம் இரவு அவன் ஒரே முறை கூப்பிட்டான். அதன் பிறகு கூப்பிடவில்லை.

என்னைத் தூண்டியவர்கள் யாருமில்லை, பழி போடவும் யாருமில்லை. எங்களைப் பிரிக்க ஒரு புது ஆசிரியர்கூட வரவில்லை. நானே எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

நன்னாவின் ஜனாஸாவன்று முதலியார் கபருஸ்தானின் வெளி வாசலில் நின்று கொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று அவருக்குத் தயக்கம். அழைக்கலாமா என்று ஜமாஅத்தாரில் சிலருக்குத் தயக்கம். பள்ளி இமாம் அவர்கள் போய்க் கைப்பிடித்து அழைத்து வந்தார்கள். எல்லாரையும் போல அவரும் மூன்று பிடி மண் போட்டார். கையைத் துடைத்துக் கொள்ளவில்லை.

மையத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று வாரிசுகள் அறிவிப்பது நம் வழக்கம். மூன்று தீனார் கடன் வைத்து இறந்த ஒருவருக்கு, அபூ கதாதா (ரலி) அவர்கள் அதை ஏற்றுக் கொள்ளும் வரை பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுவிக்க முன்வரவில்லை என்பதை அறிவோம். கடனென்று யாரும் எழவில்லை. ஆனால் முதலியாரிடம் நிலுவை இல்லாமல் இராது என்று என் தாயாருக்குத் தெரியும். மறுநாள் மாமாவை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். எழுபது ரூபாய் என்றார் முதலியார். எடுத்து நீட்டியதற்கு வாங்கவில்லை. "வாங்கலைன்னா மையத்துக்குப் பாரமுங்க" என்று மாமா விளக்கியிருக்கிறார். "அப்படின்னா மனசார விட்டுட்டேன். ராவுத்தருக்கு ஒரு பாரமும் வேண்டாம். ஆனா அந்த ஓதற பையனை ஒருக்கா எங்க ஊட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

தாயார் என்னிடம் சொன்னார்கள். போகிறேன் என்றேன். வெளியூர் மதரஸா ஒன்றில் பணி கிடைத்துப் போய்விட்டேன். பெருநாளுக்குப் பார்க்கலாம் என்றேன். 2008 இல் முதலியார் இறந்த செய்தி எனக்குக் கிடைத்தபொழுது பதினைந்து நாட்கள் கடந்திருந்தன. சில ஆண்டுகள் கழித்து இதே ஊருக்கு ஆசிரியனாகத் திரும்பினேன். முதலியார் வீடு எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அந்தத் தெரு வழியாகப் போக வேண்டிய நேரங்களில் நான் சுற்று வழியாகப் போயிருக்கிறேன்.

இராமேசுவரத்து நட்பு எப்படித் தொடர்ந்தது என்று நன்னா 2002 இல் என்னைக் கேட்டார்கள். பெரியவர்கள் காலத்தோடு முடிந்து விட்டதா, பிள்ளைகளுக்கும் வந்ததா? புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். இராமநாத சாஸ்திரி தம் தந்தைக்குப் பின் கோயில் பணியை ஏற்றார்கள். கலாம் அவர்கள் விண்ணியலுக்குப் போனார்கள். ஜெயினுலாப்தீன் அவர்கள் 1976 இல், தமது 102 ஆம் வயதில், பதினைந்து பேரப்பிள்ளைகளையும் ஒரு கொள்ளுப் பேரனையும் விட்டு மறைந்தார்கள். அவர்களின் மூத்த மகனாரும் இராமேசுவரத்திலேயே வாழ்ந்து 104 வயதில் 2021 மார்ச் மாதம் காலமானார்கள். கலாம் அவர்கள் தம் நூலின் தொடக்கத்திலேயே சாஸ்திரிகளையும் அவர் மகனையும் பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். நாடு முழுவதும் அந்தப் பெயர்களை வாசித்தது. தந்தையின் தோழருக்கு ஒரு மகன் கொடுத்த தலைப்பாகை அது என்று இப்பொழுது எனக்குப் படுகிறது. அன்று அப்படிச் சொல்லத் தெரியவில்லை.

மக்தபில் பையன் கேட்ட வினாவுக்குப் பின் வந்த வெள்ளிக்கிழமை பாடம் விடுமுறை. அஸர் தொழுதுவிட்டு நேர் வழியாகவே அந்தத் தெருவுக்குப் போனேன். கையில் என்ன கொண்டு போவது என்று நெடுநேரம் யோசித்து, கடைசியில் எழுபது ரூபாயை ஒரு காகித உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டேன். விட்டுக் கொடுத்த கடன்தான். வேறொன்றும் தோன்றவில்லை.

தறிக்கூடத்தில் எட்டுத் தறிகள் ஓடிய இடத்தில் நான்கு இருந்தன. நான்கின் இடம் சிமெண்டுத் தரையாகக் கிடந்தது. 2025 இல் கூலி உயர்வு கேட்டு விசைத்தறியாளர்கள் ஒரு மாதம் தறிகளை நிறுத்திப் போராடினார்களே, அதற்கு முன்பே நான்கையும் பழைய இரும்புக்குப் போட்டு விட்டார்களாம். அவன் தார் மாற்றிக் கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என் தாடியும் அப்படித்தான். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தினான்.

"வாங்க. உக்காருங்க" என்றான்.

ஒருவரையொருவர் மரியாதையாக அழைத்துப் பழகியதே இல்லை. அந்த 'வாங்க' எனக்குச் சேர வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன். அவன் துணைவியார் டீ கொண்டு வந்தார்கள். என் தாயாரின் முழங்கால் வலியை விசாரித்தார்கள். அதை அவர்கள் அறிந்திருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் இங்கே வருவதை ஒரு நாளும் நிறுத்தியதில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. நோன்புக் கஞ்சி இந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் வந்து கொண்டிருக்கிறது. கதீஜா (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின்னரும் ஆடு அறுத்தால் அவர்களின் தோழியருக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் இறைச்சி அனுப்பி வந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவன் நான். அந்த சுன்னத்தை என் வீட்டில் யார் செய்து கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

உறையை எடுத்து அவன் முன் வைத்தேன். விவரம் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"ஒருக்கா வரச் சொல்லி இருந்தாரு தாத்தா."

"தெரியும்."

"கண்ணு மூடற வரைக்கும் கேட்டாரு, வந்துட்டுப் போனானான்னு."

நான் 1998 பிப்ரவரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். உள்ளறையில் விழித்துக் கொண்டுதான் படுத்திருந்தேன், நீ கூப்பிட்டது கேட்டது என்றேன். அவன் தார்க்குச்சி ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக் கொண்டே இருந்தான். பின், "எனக்கும் தெரியும். மொதல் நாளே சன்னல்ல உன்ற காலு தெரிஞ்சுது" என்றான்.

பள்ளியில் மஃரிபு பாங்கு ஒலித்தது. நான் எழுந்தேன். இப்பொழுது ஓடினால் ஜமாஅத் கிடைக்கும் என்று செருப்பைத் தேடினேன். தறி மீண்டும் ஓடவில்லை. அவன் கூடத்தின் மூலையிலிருந்த அலமாரியின் மேலே கைவிட்டு, நூற்கழிவுகளைத் தள்ளி, சுருட்டி வைத்த கோரைப் பாய் ஒன்றை எடுத்து உதறினான். ஓரங்கள் பிய்ந்திருந்தன. தறிகள் போன வெறுந்தரையில் அதை விரித்தான். கிப்லா எந்தப் பக்கம் என்று நான் சுவர்களைப் பார்த்துக் கணக்கிட்டுக் கொண்டிருந்தேன். அவன் பாயின் தலைப்பைப் பிடித்து மேற்குச் சன்னலுக்குச் சற்று வடக்கே திருப்பிவிட்டான்.

"உங்க தாத்தா இப்படித்தான் நிப்பாரு. நில்லு" என்று சொல்லிவிட்டு, தறியோரம் போய் உட்கார்ந்து கொண்டான்.